ஆயில் பேனில் கிடந்த பால்ரஸ் குண்டு
(கார் மன்ற இழை. டிப்ஸ்டிக், வால்வ்பாடி, நீடில்ரோலர் மூன்றும் எழுதுபவர்களின் புனைபெயர்கள்.)

மார்ச் 2, இரவு 8.40 | டிப்ஸ்டிக்
பின்சக்கர ஓட்டமுள்ள கார், 4 கியர் ஆட்டோமேட்டிக் பெட்டி. மீட்டரில் 1,12,000 கி.மீ. கைமாறி வந்த வண்டி, பழைய சர்வீஸ் விவரம் எதுவும் கையில் இல்லை. ஆயிலும் ஃபில்டரும் மாற்றப் பேனை (பெட்டியின் அடியிலுள்ள ஆயில் தட்டு) இறக்கியதில், அதிலுள்ள காந்தத்தில் ஒரு சின்ன எஃகுக் குண்டு ஒட்டியிருந்தது. பளபளவென்று புதுசு மாதிரி இருக்கிறது. வால்வ் பாடியில் (ஆயிலைக் கிளட்ச்களுக்குப் பிரித்து அனுப்பும் பாகம்) கையே வைக்கவில்லை. ஆயிலின் சிவப்பு மங்கியிருக்கிறது, தீய்ந்த வாடை இல்லை. ஓட்டத்திலும் குறை தெரியவில்லை. குண்டை எடுத்து வைத்துவிட்டு மூடிவிடலாமா?

மார்ச் 2, இரவு 9.25 | வால்வ்பாடி
மூடாதீர்கள். பழைய ஃபில்டரை எறியாதீர்கள். வடித்த ஆயிலைக் கொட்டாதீர்கள்.

முதலில் குண்டின் விட்டம் வேண்டும். வெர்னியரில் மூன்று திசையில் பிடித்துப் பாருங்கள். 6.35 மி.மீ. என்றால் கால் அங்குலம். வால்வ் பாடிக்குள் ஆயில் துளைகளைத் திறந்து மூடும் செக் பால்களில் பெரும்பாலானவை அந்த அளவுதான். 7.94 வருவதும் உண்டு. வெர்னியர் இல்லையென்றால் நகை நிறுக்கிற மாதிரி நுணுக்கமான தராசு போதும். 6.35 எஃகுக் குண்டு 1 கிராமுக்கு ஒரு மயிரிழை மேலே நிற்கும், 7.94 என்றால் 2 கிராம். இரண்டுக்கும் நடுவில் வந்தால் அது வேறு ஏதோ.

அடுத்தது காந்தம். துடைத்துவிட்டீர்களா?

மார்ச் 2, இரவு 9.40 | டிப்ஸ்டிக்
துடைத்துவிட்டேன் அண்ணா. பேனையும் கழுவியாச்சு. ஆனால் துடைப்பதற்கு முன் போனில் எடுத்த படம் இருக்கிறது, இணைத்திருக்கிறேன். விட்டம் மூன்று திசையிலும் 6.35.

மார்ச் 2, இரவு 10.05 | வால்வ்பாடி
படமாவது மிஞ்சியது. பேனைக் கழுவுவது கடைசி வேலை, முதல் வேலை அல்ல.

காந்தத்தின் மேல் படியும் சாம்பல் நிறப் பசை, பெட்டி தேயத் தேய அடுக்கடுக்காகச் சேர்வது. விரலில் தேய்த்தால் வழுவழுவென்று இருக்க வேண்டும். அப்படி இருந்தால் சாதாரணத் தேய்மானம். முள் மாதிரி குத்தினாலோ, வெளிச்சத்தில் செதில் செதிலாக மின்னினாலோ கவலைப்பட வேண்டும். ஒரு பொருள் அந்தப் பசைக்கு மேலே உட்கார்ந்திருந்தால் அண்மையில் வந்தது. பசை அதைச் சுற்றி வளர்ந்து, அடியில் காந்தம் வெறுமையாக இருந்தால், பசை சேர்வதற்கு முன்பே வந்துவிட்டது என்று பொருள்.

உங்கள் படத்தில் குண்டை நகர்த்திய இடத்தில் வட்டமாக ஒரு மொட்டைப் புள்ளி தெரிகிறது. சுற்றிலும் பசை ஒரே உயரம். ஆகக் குண்டு முதலில் வந்திருக்கிறது, பசை பிறகு.

மார்ச் 2, இரவு 10.30 | நீடில்ரோலர்
ஒரு குண்டுக்கு இத்தனை ஆராய்ச்சியா? பேனைப் பெருமாளாக்குகிறீர்கள். ஃபோர்டின் பழைய ஆட்டோமேட்டிக் பெட்டிகளில் முதல்முறை பேனை இறக்கினால் மஞ்சள் நிற பிளாஸ்டிக் அடைப்பான் ஒன்று கிடக்கும். கேஸில் (பெட்டியின் வெளிக்கூடு) டிப்ஸ்டிக், அதாவது ஆயில் அளவுக் கம்பியின் குழாய் நுழைகிற துளையைத் தொழிற்சாலையில் அதால்தான் அடைத்து வைப்பார்கள். வண்டியில் ஏற்றிக் குழாயைச் சொருகும்போது அது உள்ளே விழுந்துவிடும், யாரும் எடுப்பதில்லை. அதைப் பார்த்து வெலவெலத்துப் போய்ப் பெட்டியையே கழற்றினவர்கள் உண்டு. இதுவும் அந்த வகைதானே?

மார்ச் 2, இரவு 10.50 | வால்வ்பாடி
பேனைப் பெருமாளாக்கவில்லை, பேன்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

அடைப்பான் விஷயம் சரி. அது கிடந்தால் நல்ல சேதி என்றுகூடச் சொல்லலாம்: அந்தப் பேனை இதற்கு முன் யாரும் இறக்கவில்லை. ஆனால் அடைப்பானுக்குப் பெட்டிக்குள் வேலை கிடையாது, செக் பாலுக்கு உண்டு. வெளியே கிடக்கும் செக் பால் ஒவ்வொன்றுக்கும் உள்ளே ஒரு காலிக் குழி இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அதைத்தான் தேடுகிறோம்.

எனக்குத் தோன்றும் வழிகள் மூன்று. ஒன்று, முன்பு யாரோ வால்வ் பாடியை இறக்கியபோது விழுந்த குண்டு. அதற்குப் பதில் வேறு போட்டிருக்கலாம், போடாமலும் விட்டிருக்கலாம். இரண்டு, செப்பரேட்டர் பிளேட்டின் (வால்வ் பாடியின் மேல் படியும் துளையிட்ட தகடு) துளை அடிபட்டு அகன்று, குண்டு அதன் வழியே வெளியேறியிருக்கலாம். மூன்று, பெட்டிக்குச் சம்பந்தமே இல்லாத குண்டு. சைக்கிளின் பின்சக்கரக் குண்டும் கால் அங்குலம்தான். ஒரே மேசையில் எல்லா வேலையும் நடக்கிற பட்டறையில் எதுவும் எதிலும் விழும்.

மார்ச் 3, காலை 7.10 | வால்வ்பாடி
நேற்று எழுதியதில் இரண்டாவது வழியை அடித்துவிடுங்கள். பிளேட்டின் துளை குண்டைவிட நன்றாகச் சிறியது. அடிபட்டு அகன்றால் குண்டு துளையில் சிக்கி நிற்கும், அதுதான் வழக்கம். அப்படியே தாண்டிப் போனாலும் பிளேட்டுக்கு மறுபக்கத்து ஆயில் வழியில் போய் விழுமே தவிர நேராகப் பேனுக்கு வராது.

மார்ச் 3, காலை 8.00 | நீடில்ரோலர்
முதல் வழியும் இடிக்கிறதே. வால்வ் பாடியை இறக்கும்போது பேன் கழற்றித் தனியே கிடக்கும். குண்டு விழுந்தால் தரையில் விழும். காந்தத்துக்கு எப்படி வந்தது?

மார்ச் 3, காலை 8.45 | வால்வ்பாடி
நல்ல கேள்வி. "இறக்கியபோது" என்றது தப்பு, "ஏற்றியபோது" என்று இருக்க வேண்டும். வால்வ் பாடியை மேலே தூக்கிப் பொருத்தும்போது கொஞ்சம் சாய்ந்தால் குண்டு குழியிலிருந்து உருண்டு வெளியே வந்துவிடும். ஆயில் பூசிய குண்டு ஏதாவது விளிம்பில் ஒட்டிக்கொண்டு நிற்கும், கண்ணுக்குத் தெரியாது. பேனை மூடி, வண்டி நகர்ந்து முதல் குலுக்கலில் கீழே விழும். காந்தம் பிடித்துக்கொள்ளும். அப்போது காந்தம் துடைத்துச் சுத்தமாக இருந்திருக்கும். மொட்டைப் புள்ளியோடு பொருந்துகிறது.

மார்ச் 3, மதியம் 1.20 | டிப்ஸ்டிக்
செக் பால் என்ன வேலை செய்கிறது? அது இல்லாமல் வண்டி எப்படி ஓடும்?

மார்ச் 3, இரவு 9.00 | வால்வ்பாடி
இரண்டு வகை வேலை. எந்த வகை காணாமல் போனது என்பதைப் பொறுத்துத்தான் கோளாறு வெளிப்படும்.

முதல் வகை ஒருவழிக் குண்டு. ஒரு கிளட்ச்சுக்கு ஆயில் போகும் பாதையில் பிளேட்டில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு துளைகள்: ஒன்று பெரியது, ஒன்று ஊசித்துளை. கிளட்ச் பிடிக்க ஆயில் வரும்போது குண்டு பெரிய துளையில் போய் உட்காரும். ஆயில் ஊசித்துளை வழியாக மட்டும் மெல்லப் போகும், கிளட்ச் பதமாகப் பிடிக்கும். விடும்போது ஆயில் எதிர்த்திசையில் வந்து குண்டைத் தூக்கிவிடும். இரண்டு துளை வழியாகவும் சட்டென்று வடிந்துவிடும். இந்தக் குண்டு இல்லாவிட்டால் பிடிக்கும்போதும் பெரிய துளை திறந்தே இருக்கும். கிளட்ச் அறைந்த மாதிரி பிடிக்கும். வண்டி ஓடும், ஆனால் "டொக்" என்ற அடி கேட்கும்.

இரண்டாவது வகை இருவழிக் குண்டு. இரண்டு பாதைகள் ஒரே கிளட்ச்சுக்கு ஆயில் கொடுக்கும் இடத்தில், எந்தப் பக்கம் அழுத்தம் வருகிறதோ அதற்கு எதிர்ப்பக்கத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். ரிவர்ஸும் லோ கியரும் ஒரே கிளட்ச்சைப் பங்கிட்டுக்கொள்ளும் பெட்டிகளில் இதைப் பார்க்கலாம். இது இல்லாவிட்டால் ஒரு பாதையில் வரும் ஆயில் மற்ற பாதை வழியாக வடிந்துபோகும். கிளட்ச் வழுக்கும், தீயும், அல்லது பிடிக்கவே பிடிக்காது.

உங்கள் வண்டி குறையில்லாமல் ஓடுகிறது என்கிறீர்கள். அப்படியானால் இரண்டாவது வகையாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ரிவர்ஸ் போடும்போது ஏதாவது அடி கேட்கிறதா?

மார்ச் 3, இரவு 9.15 | டிப்ஸ்டிக்
கேட்கும். அது அந்த வண்டியின் சுபாவம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 3, இரவு 9.20 | வால்வ்பாடி
ஆட்டோமேட்டிக் பெட்டிக்குச் சுபாவம் என்று ஒன்று கிடையாது.

ஆனால் ரிவர்ஸ் அடிக்குக் குண்டு மட்டுமே காரணம் என்று முடிவு கட்டக் கூடாது. ஐடில் வேகம் (வண்டி நிற்கும்போது எஞ்சின் சுற்றும் வேகம்) கூடுதலாக இருந்தாலும் அடிக்கும், எஞ்சின் மவுன்ட் கிழிந்திருந்தாலும் அடிக்கும், புரொப்பல்லர் ஷாஃப்டின் கிராஸ் ஜாயின்ட் ஆடினாலும் அடிக்கும். அவற்றைப் பார்த்துக் கழித்த பிறகுதான் பெட்டிக்குள் போக வேண்டும்.

சோதிக்க வண்டி ஓடும் நிலையில் வேண்டும், அதனால் புது ஃபில்டர் போட்டு, பேனை மாட்டி, ஆயில் ஊற்றிக்கொள்ளுங்கள். அதற்கு முன் இரண்டு வேலை. வடித்த ஆயிலைப் பெயின்ட் வடிகட்டியில் ஊற்றி, தங்கினதைப் பாருங்கள். பழைய ஃபில்டரைத் தகரம் வெட்டும் கத்தரியால் பிளந்து உள்வலையைப் பாருங்கள். ரம்பம் வேண்டாம், ரம்பத்தூள் உள்ளே விழுந்தால் எது பெட்டியின் தூள், எது ரம்பத்தின் தூள் என்று தெரியாது.

மார்ச் 4, இரவு 7.50 | டிப்ஸ்டிக்
வடிகட்டியில் எதுவும் இல்லை. ஃபில்டருக்குள் பழுப்பு நார் மாதிரி கொஞ்சம், விரல் நுனியில் எடுக்கிற அளவு. உலோகம் இல்லை.
ஆனால் புது ஃபில்டரின் கழுத்து முழுதாக உள்ளே போக மறுக்கிறது. 4, 5 மி.மீ. வெளியே நிற்கிறது. கட்டை வைத்துத் தட்டட்டுமா?

மார்ச் 4, இரவு 7.58 | வால்வ்பாடி
தட்டாதீர்கள்!! மேலே டார்ச் அடித்துப் பாருங்கள். பழைய சீல் துளைக்குள்ளேயே தங்கியிருக்கும்.

மார்ச் 4, இரவு 8.20 | டிப்ஸ்டிக்
இருக்கிறது. கறுப்பு ரப்பர், சுற்றிலும் தகர வளையம்.

மார்ச் 4, இரவு 9.10 | வால்வ்பாடி
ஃபில்டர் மாற்றுவதில் அடிக்கடி நடக்கிற தப்பு இது. இழுத்தால் ஃபில்டர் மட்டும் வரும், சீல் கேஸிலேயே நின்றுவிடும். அதன் மேலேயே புதியதை அழுத்திவைத்து மூடிவிட்டால் கழுத்து சரியாக உட்காராது. பம்ப் ஆயிலோடு காற்றையும் சேர்த்து உறிஞ்சும். குளிர்ந்த எஞ்சினை எழுப்பினதும் ஊளை மாதிரி சத்தம், டிரைவ் போட்டால் பிடிக்கத் தாமதம், டிப்ஸ்டிக்கில் நுரை, பிறகு வழுக்கல். ஆயில் அளவு சரியாக இருக்கும், அதனால் பம்ப் போச்சு என்று பெட்டியை இறக்குவார்கள்.

எடுக்கும் விதம்: சின்ன ஸ்க்ரூ டிரைவரின் நுனியைத் தகர வளையத்துக்கும் ரப்பருக்கும் நடுவே கொடுத்து, வளையத்தை உட்பக்கமாக மடியுங்கள். ஒரு இடத்தில் மடிந்ததும் நீள்மூக்குக் குறடில் பிடித்துத் திருகினால் வந்துவிடும். அலுமினியச் சுவரில் நுனி படக் கூடாது. நெடுக்காக ஒரு கீறல் விழுந்தாலும் காற்று புகும் வழி அதுவே. புது சீலுக்கு ஆயில் தடவி, அதே விட்டமுள்ள சாக்கெட்டை வைத்து நேராக அமுக்கி உட்கார வையுங்கள். கழுத்தை அதற்குப் பிறகு செருகுங்கள்.

மார்ச் 4, இரவு 9.30 | நீடில்ரோலர்
பழைய சீல், புது சீல் இரண்டையும் பக்கத்தில் வைத்து அளந்துவிட்டுப் போடுங்கள். ஃபில்டர் கிட்டில் சில நேரம் இரண்டு அளவு சீல் வரும், ஆண்டு மாடலைப் பொறுத்து ஒன்றுதான் பொருந்தும். மற்றது மீதம். அது மீந்ததற்காக இன்னொரு இழை தொடங்க வேண்டாம்.

மார்ச் 5, காலை 6.40 | டிப்ஸ்டிக்
பேன் போல்ட்டை முறுக்கும் அளவு கையேட்டில் 100 என்று போட்டிருக்கிறது. என் டார்க் ரெஞ்சில் 150 வரை இருக்கிறது, ஆகவே பிரச்சினை இல்லை.

மார்ச் 5, காலை 6.55 | வால்வ்பாடி
இருக்கிறது! கையேட்டில் உள்ளது அங்குல-பவுண்ட். உங்கள் ரெஞ்ச் அடி-பவுண்ட். 100 அங்குல-பவுண்ட் என்பது 8.3 அடி-பவுண்ட், அதாவது 11.3 நியூட்டன் மீட்டர். நீங்கள் நினைத்த மாதிரி முறுக்கினால் பன்னிரண்டு மடங்கு. கால்வாசி தூரம் போவதற்குள் கேஸின் மரை பிய்ந்துவிடும் அல்லது போல்ட் தலை கையோடு வந்துவிடும்.

150 வரை போகிற ரெஞ்ச் இதற்கு ஆகாது, அடிமட்டத்தில் துல்லியம் இருக்காது. சின்ன ரெஞ்ச் வாங்குங்கள் அல்லது கடன் வாங்குங்கள்.

மாட்டும் முன் பேனின் விளிம்பைப் பாருங்கள். தகரப் பேன் என்றால் போல்ட் துளை ஒவ்வொன்றும் முந்தைய முறுக்கலில் மேல்நோக்கிக் குழிந்திருக்கும். விளிம்பை ஒரு மரக்கட்டையின் மேல் வைத்துச் சுத்தியலின் உருண்டை முனையால் தட்டிச் சமப்படுத்துங்கள். இதைச் செய்யாமல் ஒழுகலை நிறுத்த இன்னும் இறுக்கினால் இன்னும் ஒழுகும். கேஸ்கெட்டுக்குச் சிலிக்கான் பூச வேண்டாம். உட்பக்கம் பிதுங்கினது புழு மாதிரி கழன்று ஃபில்டர் வாயில் போய் அடைக்கும். அதையும் யாராவது ஒரு நாள் பேனிலிருந்து எடுத்து "இது என்ன பாகம்" என்று கேட்பார்கள்.

மார்ச் 5, காலை 7.05 | வால்வ்பாடி
விட்டுப்போனது: வடித்த ஆயிலை அளந்து, அதே அளவு முதலில் ஊற்றுங்கள். பேனை இறக்கினால் மொத்தமும் வராது, பாதிக்கு மேல் டார்க் கன்வர்ட்டரிலும் (எஞ்சினையும் பெட்டியையும் ஆயிலால் இணைக்கும் பாகம்) கூலர் குழாயிலும் நிற்கும். முழுப் பெட்டியின் கொள்ளளவைப் பார்த்து ஊற்றினால் நிரம்பி வழிந்து, கியர்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும். பிறகு ஐடிலில் எல்லா கியரையும் ஒரு சுற்றுப் போட்டு, பெட்டி சூடேறின பிறகு எஞ்சின் ஓடும்போதே டிப்ஸ்டிக் பாருங்கள். பெரும்பாலும் பார்க்கில் வைத்துப் பார்ப்பார்கள். பழைய பின்சக்கர கிறைஸ்லர் பெட்டிகளில் நியூட்ரலில். உங்கள் கையேடு சொல்கிறபடி செய்யுங்கள்.

மார்ச் 7, இரவு 8.30 | டிப்ஸ்டிக்
ஓடுகிறது. ஐடில் 720. மவுன்ட் கிழிசல் இல்லை. கிராஸ் ஜாயின்ட் இரண்டையும் கையால் முறுக்கிப் பார்த்தேன், ஆட்டம் இல்லை. ரிவர்ஸ் அடி அப்படியே இருக்கிறது.

மார்ச் 7, இரவு 9.00 | வால்வ்பாடி
இப்போது கடிகாரத்தை எடுங்கள். பெட்டி நல்ல சூட்டில் இருக்க வேண்டும். நான்கு சக்கரத்துக்கும் கட்டை, ஹேண்ட் பிரேக், கால் பிரேக். நியூட்ரலிலிருந்து டிரைவ் போட்ட கணத்திலிருந்து கிளட்ச் பிடிக்கும் சின்ன அதிர்வு வரை எத்தனை விநாடி என்று பாருங்கள். ஒரு நிமிடம் இடைவெளி விட்டு மூன்று தடவை, சராசரி எடுங்கள். பிறகு ரிவர்ஸுக்கும் அப்படியே. டிரைவுக்கு 1.2 விநாடிக்குள், ரிவர்ஸுக்கு 1.5 விநாடிக்குள் என்பது கையேடுகளில் பரவலாக உள்ள எல்லை.

எல்லோரும் இந்த எண்ணைத் தாண்டுகிறதா என்று மட்டும்தான் பார்ப்பார்கள். ரொம்பச் சீக்கிரம் பிடித்தாலும் குறைதான். ரிவர்ஸ் பிடிக்கும் கிளட்ச் பெரும்பாலும் பெரியது, நிரம்ப நேரம் எடுக்கும். அது டிரைவைவிட முந்திக்கொண்டால் எங்கேயோ ஒரு துளை திறந்து கிடக்கிறது.

மார்ச் 8, மாலை 6.15 | டிப்ஸ்டிக்
டிரைவ் 0.9. ரிவர்ஸ் 0.4, 0.5, 0.4. போனில் வீடியோ எடுத்து, நிறுத்தி நிறுத்தி எண்ணினேன்.

மார்ச் 8, மாலை 6.40 | நீடில்ரோலர்
நான் எழுதின "மூடிவிடலாம்" தொனியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

மார்ச் 8, இரவு 9.30 | வால்வ்பாடி
வால்வ் பாடியை இறக்க வேண்டியதுதான். ஆயிலைச் சுத்தமான கேனில் வடியுங்கள், திரும்ப ஊற்றலாம். பேன் கேஸ்கெட் வார்ப்பு ரப்பர் என்றால் இன்னொரு முறை தாங்கும்; கார்க் என்றால் புதியது.

பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். ஒரு அட்டையில் வால்வ் பாடியின் உருவத்தை வரைந்து, போல்ட் இருக்கும் இடத்தில் துளை போடுங்கள். கழற்றும் போல்ட்டை அந்தத் துளையிலேயே குத்தி வையுங்கள். நீளம் ஒன்றுக்கொன்று 5 மி.மீ. வித்தியாசப்படும். நீளமானதைக் குட்டைத் துளையில் போட்டால் அடியில் முட்டி மரை போகும், குட்டையை நீளத்தில் போட்டால் இரண்டு மரையில் தொங்கும்.

இறக்கும்போது செப்பரேட்டர் பிளேட்டை உள்ளங்கையால் வால்வ் பாடியோடு அழுத்திப் பிடித்து, ஒரே மட்டமாக இறக்குங்கள். சில பெட்டிகளில் கேஸ் பக்கக் குழியிலும் குண்டுகள் உண்டு. பிளேட் விலகினதும் அவை மழை மாதிரி கொட்டும். அடியில் வெள்ளைத் துணி விரித்த தட்டு வையுங்கள். பனியன் வேஸ்ட் ஆகாது. ஒரு நூல் பிசிறு போதும், வால்வ் ஒன்று பாதியில் நிற்க.

மேசையில் வைத்துப் பிளேட்டைத் தூக்கினதும், எதையும் தொடாமல் நேர் மேலிருந்து ஒரு படம். பிறகு கையேட்டின் குண்டு வரைபடத்தோடு ஒவ்வொரு குழியாக ஒப்பிடுங்கள். எண்ணிக்கை மட்டும் போதாது. குண்டு வேண்டியதாகத் தோன்றும் குழிகள் சில, வடிவமைப்பிலேயே காலியானவை. ஒரே வார்ப்பைப் பல மாடலுக்குப் பயன்படுத்துவதால் வந்த வினை. காலியாக இருக்கிறதே என்று அதில் ஒரு குண்டைப் போட்டால் அது வேறு கதை.

மார்ச் 9, மாலை 5.50 | டிப்ஸ்டிக்
வரைபடத்தில் 7. இருப்பது 6. ரிவர்ஸ் பாதையில் உள்ள குழி காலி. கேஸ் பக்கம் எதுவும் இல்லை. படம் இணைத்திருக்கிறேன்.

மார்ச் 9, மாலை 6.30 | வால்வ்பாடி
இனி பிளேட். காலிக் குழிக்கு நேரே உள்ள துளையின் விளிம்பைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். குண்டு உட்கார்ந்து எழும் இடத்தில் மெல்லிய வளையம் விழுந்திருக்கும்.

மார்ச் 9, இரவு 7.20 | டிப்ஸ்டிக்
எல்லாத் துளையிலும் வளையம் இருக்கிறது. மற்றவற்றில் பளிச்சென்று, இதில் மங்கல், பிளேட்டின் நிறமே ஏறியிருக்கிறது. நகத்தில் தட்டுப்படவில்லை.

மார்ச் 9, இரவு 8.00 | வால்வ்பாடி
அப்படியென்றால் கதை முடிந்தது. அங்கே ஒரு காலத்தில் குண்டு வேலை செய்திருக்கிறது. பிறகு வெகுநாளாக இல்லை. அடி விழாத வளையம் மங்கிப்போகும். முன்பு ஒருவர் வால்வ் பாடியைக் கழற்றியிருக்கிறார், ஏற்றும்போது ஒன்று உருண்டிருக்கிறது, அவருக்குத் தெரியவில்லை.

வளையம் நகத்தில் தட்டினாலோ துளை முட்டை வடிவமாகியிருந்தாலோ பிளேட்டை மாற்ற வேண்டும். உங்களுடையதற்குத் தேவையில்லை. பிளாஸ்டிக் குண்டு போடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். பிளேட்டை அது குறைவாக அடிக்கும், உண்மை. ஆனால் கையேட்டில் எஃகு என்று போட்டிருக்கும் இடத்தில் எஃகு போடுவதே என் கட்சி.

குண்டைக் குழியில் நிறுத்த வாசலின். வீல் பேரிங் கிரீஸ் கூடவே கூடாது. வாசலின் சூட்டில் உருகி ஆயிலோடு கலந்துவிடும். கிரீஸ் கரையாமல் திரண்டு சோலினாய்டு (மின்சாரத்தால் இயங்கும் வால்வ்) வலையில் போய் உட்காரும். போல்ட்களை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இரண்டு சுற்றாக இறுக்குங்கள். அதிகமாக முறுக்கினால் வால்வ் பாடி மயிரிழை வளையும், வால்வ் இறுகும். முக்கியமாக, மேனுவல் வால்வின் காடியில் கியர் லீவரின் முளை உட்கார்ந்திருக்கிறதா என்று பேனை மூடும் முன் லீவரை ஆட்டிப் பாருங்கள். அது தவறினால் லீவர் எல்லா இடத்துக்கும் போகும், வண்டி ஒரே கியரில் நிற்கும்.

மார்ச் 9, இரவு 8.25 | நீடில்ரோலர்
மற்றவர்களுக்கும் பயன்படட்டும். பேனில் கிடைக்கும் வேறு சாமான்கள், என் வரிசையில்:
ஊசி மாதிரி சின்ன உருளை, ஒன்றே ஒன்று கிடைத்தாலும், உள்ளே ஏதோ ஒரு ஊசி பேரிங் உடைந்துவிட்டது. வண்டியை நகர்த்தக்கூட வேண்டாம், பெட்டியை இறக்குங்கள். காந்தத்தில் ஒட்டாத மஞ்சள் செதில், புஷ் அல்லது த்ரஸ்ட் வாஷர். வளைந்த எஃகுத் துண்டு, ஸ்னாப் ரிங். தனியாக ஒரு எம்6 போல்ட், வால்வ் பாடியிலிருந்து தளர்ந்து விழுந்தது; எல்லா போல்ட்டையும் தொட்டுப் பாருங்கள். தட்டையான சின்ன எஃகுக் கட்டை, பேண்ட் ஸ்ட்ரட் (டிரம்மைச் சுற்றிப் பிடிக்கும் பட்டைக்கு முட்டுக் கொடுப்பது). ஃபோர்ட் சி4 மாதிரி பெட்டிகளில் பேண்ட் அட்ஜஸ்ட் ஸ்க்ரூவை அளவுக்கு மேல் தளர்த்தினால் அது நழுவி விழும். பாகம் கெடவில்லை, இடத்தில் வைத்து மறுபடி அட்ஜஸ்ட் செய்தால் போதும்.

மார்ச் 9, இரவு 8.40 | வால்வ்பாடி
ஸ்ட்ரட் விழுந்தால் பேண்டையும் டார்ச் அடித்துப் பாருங்கள், காது உடைந்தும் ஸ்ட்ரட் விழும். மற்றபடி நல்ல வரிசை.

மார்ச் 12, இரவு 9.05 | டிப்ஸ்டிக்
மூடியாச்சு. புதுக் குண்டு போட்டேன். ரிவர்ஸ் 1.0, 1.1, 1.0. டொக் இல்லை, போட்டதே தெரியவில்லை, பிரேக்கை விட்ட பிறகுதான் பின்னால் நகர்வது தெரிந்தது. டிரைவ் பழையபடி 0.9.

மார்ச் 12, இரவு 9.20 | வால்வ்பாடி
காந்தம் பற்றி முதல் நாள் சொன்னதில் ஒரு ஓட்டை இருந்தது. பசை இளக்கமானது, காந்தம் இழுக்கும்போது குண்டு அதைத் துளைத்துக்கொண்டு அடிவரை போகவும் முடியும். அப்படிப் போயிருந்தால் ஓரத்தில் பசை வரப்பு மாதிரி எழும்பியிருக்கும். உங்கள் படத்தை மறுபடி பெரிதாக்கிப் பார்த்தேன், வரப்பு இல்லை. பிளேட்டின் மங்கல் வளையம் இருந்ததால் தப்பித்தேன். படத்தை மட்டும் நம்பிச் சொல்லியிருக்கக் கூடாது.

300 கி.மீ. ஓடினதும் ஆயில் அளவு ஒருமுறை, பேன் விளிம்பில் ஈரம் ஒருமுறை பாருங்கள். ஈரம் இல்லாவிட்டால் போல்ட்டைத் தொடாதீர்கள்.

மார்ச் 27, மாலை 6.00 | டிப்ஸ்டிக்
340 கி.மீ. அளவு சரி, ஈரம் இல்லை. பழைய குண்டு மேசையில் கிடக்கிறது. சைக்கிள் குண்டும் இதே அளவு என்றீர்களே, அதில் போடலாமா?

மார்ச் 27, மாலை 6.45 | வால்வ்பாடி
பின்சக்கரத்துக்குப் போடலாம், அளவு சரிதான்.

மார்ச் 27, இரவு 7.10 | நீடில்ரோலர்
போடாதீர்கள். ஒரு பக்கத்துக்கு 9 குண்டு, போட்டால் ஒன்பதும் ஒரே செட். தேய்ந்த எட்டுக்கு நடுவில் தேயாத ஒன்றைப் போட்டால் பாரம் முழுவதையும் அந்த ஒன்று தூக்கும், கோனில் (குண்டுகள் உருளும் கூம்பு) பள்ளம் விழும்.

மார்ச் 27, இரவு 7.15 | வால்வ்பாடி
ஒப்புக்கொள்கிறேன்.